மீறினால் யாருக்கு நட்டம்? பலகை ஆட்டங்களில் போர்நிறுத்தம் நிற்பதும் உடைவதும்

1901-ஆம் ஆண்டு வசந்தம். ரஷ்யாவின் கப்பற்படை செவஸ்தபோலில் நிற்கிறது, துருக்கியின் கப்பற்படை அங்காராவில். நடுவே கருங்கடல், காலியாக. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஏழு பேரில் ரஷ்யாவை ஆடுபவரும் துருக்கியை ஆடுபவரும் எழுந்து பால்கனிக்குப் போகிறார்கள்.

"கருங்கடலுக்கு நீங்களும் வரவேண்டாம், நானும் வரலை. சரியா?" என்கிறார் துருக்கி.

ரஷ்யா கொஞ்சம் யோசிக்கிறார். "வேண்டாம். ரெண்டு பேருமே வருவோம்."

"வந்தா மோதிக்குமே?"

"மோதட்டும். அதுதான் நமக்கு வேணும்."

டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தில் பல மேசைகளில் நடக்கும் பேச்சு இது. இந்தச் சின்னப் பேச்சுக்குள் போர்நிறுத்தம் பற்றிய முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டிப்ளமசியில் பகடை கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் வரைபடம் நடுவில் இருக்கும். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என்று ஏழு வல்லரசுகள், ஏழு ஆட்டக்காரர்கள். ரஷ்யாவுக்கு மட்டும் நான்கு படைகள், மற்ற எல்லோருக்கும் மூன்று. வரைபடத்தில் 34 மையங்கள் உண்டு. எத்தனை மையங்கள் கையில் இருக்கின்றனவோ அத்தனை படைகள் வைத்துக்கொள்ளலாம். 18 மையங்களைப் பிடிப்பவர் ஜெயித்தார்.

ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச்சு. பழைய விதிப்புத்தகத்தின்படி முதல் சுற்றுக்கு அரை மணி நேரம், அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் கால் மணி நேரம். யாரும் யாருடனும் தனியாகப் போய்ப் பேசலாம், எதையும் சொல்லலாம், எதையும் வாக்களிக்கலாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று விதியில் ஒரு வரிகூட இல்லை. பேச்சு முடிந்ததும் அவரவர் தன் படைகளுக்கான ஆணைகளை ரகசியமாகச் சீட்டில் எழுதுவார்கள். எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் படிப்பார்கள். யார் வாக்கைக் காப்பாற்றினார், யார் கழுத்தறுத்தார் என்பது அந்த நொடியில்தான் தெரியும்.

இதை உருவாக்கியவர் ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர். ரகசியக் கூட்டணிகளின் பின்னல்தான் முதல் உலகப் போரின் அடிப்படைக் காரணங்களில் முக்கியமானது என்று வாதிட்ட வரலாற்றாசிரியர் சிட்னி ஃபேயிடம் ஹார்வர்டில் பாடம் கேட்டவர். 1954-இல் ஆட்டத்தை வடிவமைத்தார். எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்ளாததால் 1959-இல் சொந்தக் காசைப் போட்டு 500 பெட்டிகள் தயாரித்து விற்றார்.

இனி அந்த ஆட்டத்தின் கணக்கு. எல்லாப் படைக்கும் பலம் ஒன்றுதான். ஓர் இடத்தில் நிற்கும் ஒரு படையை இன்னொரு படை தனியாக வந்து தள்ள முடியாது. இரண்டு வேண்டும்: ஒன்று தாக்க, ஒன்று பக்கத்தில் நின்று துணை கொடுக்க. மூன்று படைகளோடு ஆரம்பிக்கும் ஆஸ்திரியாவைப் பாருங்கள். மேற்கே இத்தாலி, வடகிழக்கே ரஷ்யா, தென்கிழக்கே துருக்கி. ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு படையைக் காவல் வைத்தால் மூன்றும் காலி. முன்னேற ஒன்றும் மிஞ்சாது. ஆக, ஒரு பக்கத்திலாவது போர்நிறுத்தம் செய்துகொண்டே ஆகவேண்டும். அந்த எல்லையில் நின்றிருக்க வேண்டிய படை விடுபட்டு வேறு பக்கம் போகும். போர்நிறுத்தம் என்றால் இந்த ஆட்டத்தில் கையில் ஒரு படை கூடுகிறது என்று அர்த்தம். அந்தக் கூடுதல் படைக்காகத்தான் எல்லோரும் பால்கனிக்கும் சமையலறைக்கும் நடக்கிறார்கள்.

சரி, கருங்கடலுக்கு வருவோம். துருக்கி சொன்ன ஏற்பாடு நமக்கெல்லாம் பழக்கமானது. நீயும் வராதே, நானும் வரமாட்டேன். ஆட்டக்காரர்கள் இதை 'டிஎம்ஸெட்' என்பார்கள். இரு பக்கமும் படை நுழையக் கூடாத பகுதி. காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மீறினால் என்ன ஆகும்? துருக்கி வாக்கைக் காப்பாற்றி அங்காராவிலேயே நிற்க, ரஷ்யா நைசாகக் கருங்கடலில் இறங்கினால், அடுத்த சுற்றில் அங்காராவும் கான்ஸ்டாண்டிநோபிளும் ரஷ்யக் கப்பலின் எதிரில் இருக்கும். மீறியவனுக்கு லாபம், காப்பாற்றியவனுக்கு நட்டம். அதனால் இரண்டு பேரும் சீட்டு எழுதும் நேரத்தில், அவன் மீறிவிட்டால் என்ன செய்வது, பேசாமல் நானே முந்திக்கொள்ளட்டுமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஏமாற்றும் எண்ணமே இல்லாதவனையும் இந்த ஏற்பாடு மீறத் தூண்டும்.

ரஷ்யா சொன்னது வேறு. இரண்டு பேருமே கருங்கடலுக்கு ஆணை எழுதுவோம். ஒரே இடத்துக்கு இரண்டு படைகள் சம பலத்தோடு வந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். கடல் காலியாகவே இருக்கும். பேசி வைத்துக்கொண்டு மோதுவது, ஆட்டக்காரர்கள் பேச்சில் 'பவுன்ஸ்'. பலகையில் கிடைக்கும் முடிவு இரண்டு ஏற்பாட்டிலும் ஒன்றுதான். ஆனால் மீறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரஷ்யா சொன்னபடி கருங்கடலுக்கு வராமல் கப்பலை வேறு எங்காவது அனுப்பினால், மோதலுக்கு வந்த துருக்கிக் கப்பல் தடையில்லாமல் கடலுக்குள் நுழைந்துவிடும். அடி விழுவது மீறிய ரஷ்யாவுக்கு. காப்பாற்றியவனுக்கோ கடல் இலவசம். முதல் சுற்றில் இதைச் சூழ்ச்சியால் உடைக்கவும் வழியில்லை. கடலுக்குள் போகும் கப்பலுக்குத் தரைப்படை துணை கொடுக்க முடியாது, பக்கத்தில் இரண்டாவது கப்பல் இரண்டு பேரிடமும் இல்லை. அந்த ஒரு சுற்றுக்கு, மேசையில் உள்ளவர்களிலேயே பெரிய பொய்யன் எதிரில் இருந்தாலும் இந்தப் போர்நிறுத்தம் நிற்கும்.

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒப்பந்தம் என்றால் நம்பிக்கை, நம்பிக்கை என்றால் எதிராளியின் குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவன் நல்லவனா கெட்டவனா என்று முகத்தைப் படிப்பதில் நேரத்தைச் செலவழித்தேன். கேட்க வேண்டிய கேள்வி அதைவிட எளிது: மீறினால் யாருக்கு நட்டம்? மீறுகிறவனுக்கு நட்டம் என்றால் அந்த ஒப்பந்தத்தை நம்பித் தூங்கலாம். காப்பாற்றுகிறவனுக்கு நட்டம் என்றால் எதிரில் இருப்பது சொந்தத் தம்பியானாலும் ஒரு கண்ணைத் திறந்துவைத்துத்தான் தூங்க வேண்டும்.

ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் கலீசியா என்ற பகுதிக்காக இதே ஏற்பாட்டைச் செய்துகொள்வதுண்டு. வியன்னாவிலிருந்து ஒரு படையும் வார்சாவிலிருந்து ஒரு படையும் அங்கே வந்து முட்டித் திரும்பும். இதற்குச் செலவும் உண்டு. முட்டித் திரும்பும் படை அந்தச் சுற்றில் வேறு வேலை எதுவும் செய்ய முடியாது. நம்பிக்கை குறைந்த இடத்தில் ஒரு படையின் ஒரு சுற்று வேலையைக் காப்புப் பணமாகக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் அந்தச் செலவுகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. டைரோலையும் பொஹீமியாவையும் இருவரும் ஆரம்பத்தில் காலியாகவே விட்டுவிடுவார்கள். இருவருக்கும் மற்ற பக்கங்களில் பசித்த அண்டை நாடுகள் இருக்கின்றன. ஒருவன் விழுந்தால் மற்றவனின் முதுகு திறந்துவிடும். அந்தப் பயம் ஒன்றே அங்கே காவல்.

எந்த ஏற்பாடும் உதவாத இடமும் வரைபடத்தில் ஒன்று உண்டு. வெனிஸும் ட்ரியெஸ்டும். வெனிஸ் இத்தாலியின் சொந்த மையம், ட்ரியெஸ்ட் ஆஸ்திரியாவின் சொந்த மையம். இரண்டு நாடுகளின் தாய்மையங்கள் நடுவில் காலியிடமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பது பலகையில் இங்கே மட்டும்தான். மோதிக்கொள்ள நடுவில் கடலும் இல்லை, காடும் இல்லை. அங்கே நம்பிக்கை என்றால் வெறும் நம்பிக்கைதான்.

அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் ஆஸ்திரியா. இத்தாலியை ஆடியவன் என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், நல்ல பையன். முதல் சுற்றிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, வெனிஸ் படை அசையாது. நான் துருக்கியைப் பார்த்துக்கறேன், நீங்க பால்கன் பக்கம் போங்க" என்றான். திட்டத்தைச் சுற்றுவாரியாகச் சொன்னான். கப்பல் நேப்பிள்ஸிலிருந்து அயோனியக் கடலுக்கு. ரோமில் உள்ள படை அபூலியாவுக்கு. இலையுதிர் காலத்தில் அந்தப் படையைக் கப்பல் வழியாக டூனிஸுக்கு ஏற்றி, அடுத்த வருடம் இன்னொரு கப்பலையும் சேர்த்துக்கொண்டு அங்கிருந்து சிரியாவில் இறக்குவது. 1571-இல் கிரேக்கக் கரையோரம் உதுமானியக் கப்பற்படை தோற்ற லெபாண்டோ போரின் பெயரால் அழைக்கப்படும் தொடக்க நகர்வுத் திட்டம் இது. கேட்டதுமே ஆட்டம் தெரிந்தவன் என்று புரிந்தது.

1901 முழுக்க அவன் சொன்னது சொன்னபடி நடந்தது. நான் செர்பியாவையும் கிரீஸையும் பிடித்து ஐந்து மையங்கள் ஆனேன். ட்ரியெஸ்டில் புதிதாக எழுப்பிய படையையும் 1902 வசந்தத்தில் கிழக்கே நகர்த்தினேன். ட்ரியெஸ்ட் காலி. அந்த இலையுதிர்ச் சுற்றுக்கு முன்னால் நடந்த பேச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதுவரை அவன்தான் எப்போதும் வரைபடத்தில் விரல் வைத்து, இந்தக் கப்பல் இங்கே, அந்தப் படை அங்கே என்று திட்டம் போடுவான். அன்று நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். பல்கேரியாவை எப்படிப் பிடிப்பது, பிடித்தால் யாருக்கு எது என்றெல்லாம். அவன் ஒவ்வொன்றுக்கும், "சரிண்ணா, அப்படியே செஞ்சிடலாம்" என்று தலையாட்டினான். வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.

சீட்டைப் பிரித்தபோது வெனிஸ் படை ட்ரியெஸ்டுக்குள் நுழைந்திருந்தது. சிரியாவுக்குப் போயிருக்க வேண்டிய படை டூனிஸிலேயே நின்றது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அவனுக்குக் கிடைத்தது ஒரு மையம். எனக்குப் போனதும் ஒரு மையம். நான் இன்னும் உயிரோடுதான் இருந்தேன், நான்கு படைகள் இருந்தன, கோபமும் இருந்தது. கிழக்கே இருந்த எல்லாப் படைகளையும் திருப்பி அவன் மேல் விட்டேன். இரண்டு பேரும் ட்ரியெஸ்டுக்கும் வெனிஸுக்கும் நடுவில் மூன்று வருடம் உருண்டு புரண்டோம். அந்த நேரத்தில் துருக்கி கிரீஸை எடுத்தது, செர்பியாவை எடுத்தது, அயோனியக் கடலில் இறங்கியது. முதலில் அழிந்தது நான், அடுத்தது இத்தாலி. ஆட்டம் முடிந்து இட்லி சாப்பிடும்போது, "ஏன்டா குத்தினே?" என்று கேட்டேன். "காலியா இருந்துச்சுண்ணா" என்றான். முழு உண்மை. அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. ட்ரியெஸ்டைக் காலியாக விட்டு அவனுக்கு முன்னால் அந்த மையத்தை நீட்டியது நான்.

அனுபவசாலிகள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. முதுகில் குத்துவதென்றால் ஒரே சுற்றில் இரண்டு மூன்று மையமாவது கிடைக்க வேண்டும், குத்து வாங்கியவன் திருப்பி அடிக்க முடியாத நிலைக்குப் போக வேண்டும். ஒரு மையத்துக்காகக் குத்துவது, இருக்கும் ஒரே நண்பனை விற்று ஒரு புதிய எதிரியை வாங்குவது. இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இது இன்னும் பொருந்தும். ஆஸ்திரியா விழுந்தால் ரஷ்யாவோ துருக்கியோ நேராக இத்தாலியின் வாசலுக்கு வந்துவிடும்.

வரலாற்றிலும் இதே ட்ரியெஸ்ட்தான். 1882 முதல் ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் முக்கூட்டணியில் இருந்த இத்தாலி, 1914-இல் போர் வெடித்தபோது நடுநிலை என்று ஒதுங்கியது. 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றோடும் ரகசிய ஒப்பந்தம் போட்டது. அதில் இத்தாலிக்கு வாக்களிக்கப்பட்ட இடங்களில் ட்ரியெஸ்டும் ஒன்று. மே 23 அன்று பழைய கூட்டாளி ஆஸ்திரியா மேலேயே போர் அறிவித்தது. ஏன் பழைய ஒப்பந்தம் நிற்கவில்லை? இத்தாலி ஆசைப்பட்ட நிலமெல்லாம் ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. கூட்டணியைக் காப்பாற்றினால் அது கிடைக்காது, உடைத்தால் கிடைக்கும் என்று எதிர்ப்பக்கம் எழுதியே கொடுத்தது. கால்ஹாமர் வரைபடத்தை வரைந்தபோது வெனிஸையும் ட்ரியெஸ்டையும் ஒட்டவைத்ததில் அந்த வரலாறு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

பேச்சிலேயே துரோகத்தை மோப்பம் பிடிக்க முடியுமா என்று ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். இணையத்தில் ஆடப்பட்ட டிப்ளமசி ஆட்டங்களின் செய்திகளைக் கணினி மூலம் அலசி அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெடுநாள் நண்பர்களாக இருந்த இருவரில் ஒருவர் மற்றவரைக் குத்துவதற்கு முன், அவர்களுடைய பேச்சில் சமநிலை குலைகிறது என்பது அவர்கள் கண்டது. இன்சொல், மரியாதை, எதிர்காலத் திட்டம் பற்றிய பேச்சு, இவை அதுவரை இருபக்கமும் ஏறக்குறைய ஒத்துப்போனது போய், திடீரென்று ஒருபக்கம் சாய்ந்துவிடும். அதைப் படித்தபோது எனக்கு அந்த "சரிண்ணா" காதில் கேட்டது. திட்டம் போடுவதை நிறுத்திவிட்டு வெறுமனே ஆமோதிக்கும் கூட்டாளியைப் பார்த்தால் நான் இப்போதெல்லாம் உடனே ஒரு படையை வீட்டுக்குத் திருப்பிவிடுகிறேன்.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் சிசெரோ என்ற செயற்கை நுண்ணறிவை அறிவித்தது. இணைய லீக் ஒன்றில் 40 ஆட்டங்களில், எதிரில் இருப்பது இயந்திரம் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் ஆடியிருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. அது எப்படிப் பேசியது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். முதலில் தானும் எதிராளியும் என்ன ஆணை எழுதினால் இருவருக்கும் நல்லது என்று கணக்குப் போடும். அந்தக் கணக்கிலிருந்துதான் வாக்கியத்தைப் பிறப்பிக்கும். சும்மா நட்பு பாராட்டுவதில்லை. 'நீங்கள் இங்கே வந்தால் நான் அங்கே துணை கொடுக்கிறேன்' என்ற மாதிரி ஆணையோடு கட்டிய பேச்சு. ஒரு நல்ல மனித ஆட்டக்காரரும் பால்கனியில் இப்படித்தான் பேசுவார்.

பெரும்பாலும் நேர்மையாக இருக்கும்படி அதை உருவாக்கியதாக நிறுவனம் சொன்னது. ஆனால் பிரான்ஸாக ஆடிய ஓர் ஆட்டத்தில், வட கடலைத் தாக்க ஜெர்மனியோடு பேசி வைத்துக்கொண்டு, அங்கே யார் வந்தாலும் உன்னைக் காப்பேன் என்று இங்கிலாந்திடம் சொல்லியிருக்கிறது. 2024-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று இதைத் திட்டமிட்ட ஏமாற்று என்றே சுட்டிக்காட்டியது. இது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஒரு மேசையில் ஏழு மனிதர்கள் சம்மதித்து உட்கார்ந்து ஒருவரையொருவர் ஏமாற்றுவதும், ஏமாற்றக் கற்ற இயந்திரம் ஒன்று வெளியே இருப்பதும் ஒன்றல்ல.

ஆளுக்கு ஆள் முகம் பார்த்து ஆடுவது ஒரு வகை. கடிதத்தில் ஆடுவது இன்னொரு வகை. 1963-இல் ஜான் போர்ட்மன் என்பவர் கிராஸ்டார்க் என்ற சிற்றிதழைத் தொடங்கி, தபாலில் டிப்ளமசி ஆடும் வழக்கத்துக்குப் பாதை போட்டார். கால்ஹாமரே பின்னாளில் இல்லினாயில் தபால்காரராக வேலை பார்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். தபாலில் ஒரு சுற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். சொன்ன வாக்கு எழுத்தாகக் கையில் இருக்கும். அதே ஆட்களோடு அடுத்த ஆட்டத்திலும் ஆடுவோம். அப்போது பெயர் என்று ஒன்று சேர்கிறது. வாக்கு மாறுபவன் என்று பெயரெடுத்தவனோடு அடுத்த முறை யாரும் எல்லை பேச வரமாட்டார்கள். இந்த ஆட்டத்துக்குள் மீறலுக்கு விலை இல்லாவிட்டாலும் அடுத்த ஆட்டத்தில் விலை வந்துவிடுகிறது. அதே நேரம், போன ஆட்டத்துப் பகையை இந்த ஆட்டத்தில் தீர்ப்பதை நல்ல வட்டங்கள் விரும்புவதில்லை. அதில் எனக்கும் உடன்பாடுதான். ஒருவனைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது வேறு, பழிவாங்க உட்காருவது வேறு.

டிப்ளமசி தெரியாதவர்களுக்கும் ரிஸ்க் தெரிந்திருக்கும். 1957-இல் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆல்பெர் லாமோரிஸ் உருவாக்கி வெளிவந்த ஆட்டம். அதில் தென் அமெரிக்காவைப் பிடித்தவரும் ஆப்பிரிக்காவைப் பிடித்தவரும் செய்துகொள்ளும் போர்நிறுத்தம் எல்லா வீட்டிலும் நடப்பது. பிரேசிலுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் ஒரே ஒரு பாதை. இரண்டு பேரும் அங்கே சண்டை போடாமல் இருந்தால் ஒருவருக்குச் சுற்றுக்கு 2 படைகள், மற்றவருக்கு 3 படைகள் கூடுதலாக வரும். சண்டை போட்டால் இருவருக்கும் அது போகும். ஆகவே அது நெடுநேரம் நிற்கும்.

அது உடையும் நேரம் வேறு ஒரு காரணத்தால் வருகிறது. ஓர் ஆட்டக்காரரை முழுக்க அழித்தால் அவர் கையில் உள்ள சீட்டுகள் அழித்தவருக்கு வந்துசேரும். சீட்டைக் கொடுத்துப் படை வாங்கலாம். அந்தப் படையின் அளவு ஆட்டம் போகப்போக ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் படைகள் குறைந்து, கையில் நான்கு சீட்டு சேர்ந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரின் பார்வை மாறிவிடும். நேற்றுவரை உங்களைத் தாக்குவது அவருக்கு நட்டம், இன்று லாபம். அவர் மனம் மாறவில்லை, விலைதான் மாறியது. எனவே ரிஸ்க்கில் போர்நிறுத்தம் பேசும்போது ஒரு முடிவுத் தேதி வைப்பது நல்லது. ஐரோப்பா விழும்வரை, அல்லது முடித்துக்கொள்வதென்றால் ஒரு சுற்று முன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்று. என்றென்றைக்கும் என்று பேசும் ஒப்பந்தத்தை ஒருநாள் யாராவது உடைத்தே ஆகவேண்டும், ஜெயிப்பவர் ஒருவர்தானே. முடிவுத் தேதியுள்ள ஒப்பந்தத்தை உடைக்காமலே முடித்துக்கொள்ளலாம். அடுத்ததை அதே ஆளோடு பேசவும் வாய் இருக்கும்.

சில ஆட்டங்கள் இந்த விலையை விதிக்குள்ளேயே எழுதிவிட்டன. 1979-இல் வந்த டூன் பலகை ஆட்டத்தில் கூட்டணி சேரவும் பிரியவும் நினைத்த நேரத்தில் முடியாது. மணற்புழு சீட்டு புரளும்போது மட்டும்தான் அந்தக் கதவு திறக்கும். காஸ்மிக் என்கவுண்டரில் இருவரும் பேச்சுவார்த்தைச் சீட்டை இறக்கிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் ஒப்பந்தத்துக்கு வரவில்லை என்றால் ஆளுக்கு மூன்று கப்பல்கள் போய்விடும். பேசாமல் இருப்பதற்கும் தண்டனை.

எனக்கு இவற்றில் மிக அழகாகத் தெரிவது ட்வைலைட் இம்பீரியம் ஆட்டத்தின் நான்காம் பதிப்பு. 2017-இல் வந்தது. ஒவ்வொருவர் கையிலும் சில வாக்குறுதிச் சீட்டுகள் இருக்கும், அவற்றை மற்றவருக்குக் கொடுக்கலாம். அதில் ஒன்று போர்நிறுத்தச் சீட்டு. நான் அதை உங்களுக்குக் கொடுத்திருந்தால், உங்கள் கப்பல்கள் இருக்கும் பகுதியைத் தாக்க நான் வரும்போது நீங்கள் அதை நீட்டலாம். அந்தப் பகுதிக்குள் என் கப்பல் நகர முடியாது. ஒருமுறை பயன்பட்டதும் சீட்டு என்னிடமே திரும்பிவரும். இன்னொன்று அரியணைக்கு ஆதரவுச் சீட்டு. நான் அதை உங்களுக்குக் கொடுத்தால் உங்களுக்கு உடனே ஒரு வெற்றிப் புள்ளி. வழக்கமாக 10 புள்ளிக்கு ஆடும் ஆட்டத்தில் அது பத்தில் ஒரு பங்கு. ஆனால் என் படைகள் இருக்கும் பகுதியை நீங்கள் தாக்கக் குறிவைத்தால் அந்தப் புள்ளி உங்களை விட்டுப் போய்விடும், சீட்டு என்னிடம் வந்துவிடும். இரண்டு அண்டை நாடுகள் இதை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? யார் மீறினாலும் மீறியவரின் புள்ளி போகும், மற்றவரின் புள்ளி அவரிடமே நிற்கும். கருங்கடலில் பேசி வைத்து மோதிய அதே தர்க்கம்தான், இங்கே அட்டையில் அச்சடித்து வந்திருக்கிறது.

இவ்வளவு வசதி இருந்தும் நான் திரும்பத் திரும்ப டிப்ளமசிக்கே போகிறேன். அங்கே அட்டை கிடையாது, விலையை நாமே கட்ட வேண்டும். படையை எங்கே நிறுத்துவது என்பதுதான் அங்கே ஒப்பந்தத்தின் எழுத்து. என் துணை இல்லாமல் உன்னால் இந்த மையத்தை வைத்துக்கொள்ள முடியாது, உன் துணை இல்லாமல் என்னால் அதை வைத்துக்கொள்ள முடியாது என்று படைகளைப் பின்னிவிட்டால் வாக்குறுதியே தேவைப்படாது. இங்கிலாந்தும் பிரான்ஸும் சேர்ந்து ஆடும்போது ஒருவர் கப்பல்களை மட்டும் எழுப்ப, மற்றவர் தரைப்படைகளை மட்டும் எழுப்புவது இதனால்தான். கப்பல் தரைக்குள் வராது, படை தானாகக் கடலைத் தாண்டாது. மனம் மாறினாலும் கை எட்டாது. வசந்தத்தில் ஆங்கிலக் கால்வாயில் கப்பல் இறக்கமாட்டேன் என்று பத்து முறை சொல்வதைவிட, இந்த வருடம் நான் மார்செயில் படை எழுப்புகிறேன் என்று பிரான்ஸ் ஒருமுறை எழுப்பிக் காட்டுவதற்குப் பலம் அதிகம்.

சின்ன நாடுகளும் இப்படித்தான் பிழைக்கின்றன. ஒரே ஒரு படை மிஞ்சியிருக்கும். ஆனால் யாராலும் உடைக்க முடியாத அரண்வரிசை ஒன்றில், சரியான இடத்தில் அது நின்றுவிட்டால் அதை அழிக்க யாருக்கும் தைரியம் வராது. அழித்தால் வரிசை உடையும், எதிர்ப்பக்கத்துப் பெரியவன் 18-ஐத் தொட்டுவிடுவான். உயிரோடு இருக்கும் எல்லோரும் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும் சமன் என்று ஆட்டம் முடியும்போது, அந்த ஒற்றைப் படைக்காரருக்கும் அதே பங்கு.

இந்தக் கணக்கெல்லாம் கைவிட்டுப் போகும் ஒரு நிலை உண்டு. மற்ற ஐவரும் அழிந்து, கடைசிவரை கூட்டாளிகளாக வந்த இருவர் மட்டும் மிஞ்சுகிறார்கள். இவருக்கு 17, அவருக்கு 17. மொத்தம் 34. இருவருக்கும் இன்னும் ஒன்றே ஒன்று போதும். இனி மூன்றாவது எதிரி இல்லை, திருப்பி அடிக்க அடுத்த வருடம் இல்லை. மீறியவனுக்கு எந்த நட்டமும் இல்லாத ஒரே சுற்று. அப்படிப்பட்ட மேசை ஒன்றில் நான் ஒருமுறை பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். இங்கிலாந்தும் துருக்கியும். கால் மணி நேரத்தில் இருவரும் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. துருக்கியை ஆடியவர் தன் சீட்டை எழுதி முடித்தார். மடிக்காமல், எழுத்து மேலே தெரிய, அதை மேசையின் நடுவில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். எல்லாப் படைக்கும் ஒரே ஆணை: நில். இங்கிலாந்து ரொம்ப நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் சீட்டில் எழுத ஆரம்பித்தார். அவரும் அதை மடிக்கவில்லை.